வாளிக்குள் ஒரு பாலம்

எங்கள் கான்ஃபரன்ஸ் ரூமில் ஒரு பாலம் இருக்கிறது. சுவர் முழுக்க ஒரு திரை, அதற்குள் நாற்பத்திரண்டு கட்டங்களாக அந்தப் பாலம். முடிந்த கட்டம் பச்சை, வேலை நடக்கும் கட்டம் மஞ்சள், தகவல் வராத கட்டம் ஆரம்பத்தில் சாம்பல், ஆபத்து என்றால் சிவப்பு. ஆற்றின் மேல் நாங்கள் வெயிலிலும் மழையிலும் கட்டுகிற இன்னொரு பாலமும் உண்டு. அதைப் பார்க்க ப்ராஜெக்ட் மேனேஜர் மாதத்துக்கு ஒருமுறை வருவார், ஷூவில் சேறு படாத நாளாகப் பார்த்து. திரையிலிருக்கும் பாலத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை பார்ப்பார். சைட்டில் அவருக்குப் பச்சை சார் என்று பெயர்.

நான் இந்த சைட்டின் லேப் டெக்னீஷியன். ஊற்றிய கான்கிரீட் எவ்வளவு வலுவாகியிருக்கிறது என்று சொல்வது என் வேலை. என் வீட்டுக்காரர் இதே சைட்டில் சென்ட்ரிங் மேஸ்திரி. இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள தளத்தை நாங்கள் ஸ்பான் என்போம். ஒவ்வொரு ஸ்பானுக்கும் கீழே இரும்பு முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, மேலே கான்கிரீட் ஊற்றி, அது இறுகியதும் கீழே போய் முட்டுகளைக் கழற்றுவது அவரும் அவருடைய ஆட்கள் எட்டுப் பேரும். இறுகிவிட்டது என்று நான் சொன்னால் அவர் கீழே போவார். தலைக்கு மேல் நானூறு டன். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

முன்பெல்லாம் இதற்கு க்யூப். லாரியில் வந்த கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் நிரப்பி, இறுகியதும் மெஷினில் வைத்து நொறுக்கி, எத்தனையில் உடைகிறது என்று பார்ப்போம். முப்பத்தைந்து வந்தால் முட்டுகளை எடுக்கலாம். அது வர ஒன்பது நாள், பத்து நாள் ஆகும். அந்தப் பழைய முறை உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆடிட் வரும் வாரங்களில் நான் உடைக்காத க்யூப்களுக்கும் ரிஜிஸ்டரில் நம்பர் ஏறியிருக்கிறது. நாற்பத்தொன்று புள்ளி இரண்டு, நாற்பது புள்ளி எட்டு என்று கைபோன போக்கில் எழுதுவேன். அதனால் சென்சார் வரப்போகிறது என்றபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். இனி யாரும் பொய் எழுத முடியாது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் சைட்டில் குப்பை கொட்டியும் புத்தி வரவில்லை.

சென்சாரோடு வந்தவனுக்கு டிஜிட்டல் ஆபீசர் என்று பதவி. முதல் நாளே நூற்றுப்பத்து ஸ்லைடு போட்டுக் காட்டினான். அன்றிலிருந்து அவன் பெயர் ஸ்லைடு. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, இதைக் கம்பியில் கட்டி கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட்டால் போதும், உள்ளே எவ்வளவு சூடு என்று நிமிஷத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும் என்றான். கான்கிரீட் சூட்டில் சீக்கிரம் இறுகும், குளிரில் மெதுவாக இறுகும். அந்தச் சூட்டை வைத்தே வலுவைக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டிவிடுமாம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பொருள்தான். அந்த டப்பா மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே என்றால், டப்பா சொல்வதைக் கேட்டு வாங்கும் பெட்டி ஒன்று வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் இருக்கும் இடம் ஜெனரேட்டர் ஷெட். அது கான்ஃபரன்ஸ் ரூமுக்குப் பின்னால். அங்கிருந்து பாலம் நேர்க்கோட்டில் அறுநூறு மீட்டர், நடுவில் ஆற்றின் கிளை ஓடுவதால் ரோட்டில் சுற்றினால் இரண்டு கிலோமீட்டர். முதல் ஸ்பானுக்குக் கம்பி கட்டியதும் சென்சாரைக் கட்டிப் பார்த்தோம், திரையில் கட்டம் சாம்பலாகவே நின்றது. சிக்னல் வந்து சேரவில்லை. தலைமை ஆபீசிலிருந்து மணிக்கு ஒரு போன். பாலம் விழுந்தால்கூட இத்தனை போன் வந்திருக்காது.

"பாலத்துக்கிட்ட ஒரு கம்பம் நட்டு, கேபிள் இழுத்து, பெட்டிய அங்க வச்சா வேலை முடிஞ்சுது சார்" என்றேன்.

ஸ்லைடு லேப்டாப்பில் தேடினான். கேபிள் கேட்பதற்கான ஆன்லைன் படிவத்தில் கம்பம் என்று ஒரு வகையே இல்லையாம். 'இதர' என்று போட்டு அனுப்பினான். இதர என்றால் என்ன என்று கேட்டுத் திரும்பி வந்தது. கம்பம் என்று எழுதி அனுப்பினான். கம்பம் என்று வகை இல்லை என்று திரும்பி வந்தது. மூன்று வாரம் இப்படியே ஓடியது.

முதல் ஸ்பான் ஊற்றிய அந்த மூன்றாவது வாரத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். லாரியில் மிஞ்சிய கான்கிரீட்டைப் பத்து லிட்டர் வாளி ஒன்றில் நிரப்பி, இன்னொரு சென்சாரை அதற்குள் புதைத்து, ஜெனரேட்டர் ஷெட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அதே லாரி, அதே கான்கிரீட், கம்பம் வரும்வரைக்கும்தானே என்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, என் சொந்த மூளை. பத்து நிமிஷத்தில் சாம்பல் கட்டம் மஞ்சளானது. கான்ஃபரன்ஸ் ரூமில் கைதட்டினார்கள்.

ஸ்லைடுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒருநாள் ஷெட்டுக்குள் வந்தவன் கால் இடறி, "இந்த வாளி என்ன மேடம்?" என்று கேட்டான்.

"சென்சார் சார். பாலத்துல வச்சா சிக்னல் வரல."

"ஓ. இங்க சேஃபா இருக்கும்ல. குட்."

அவ்வளவுதான். அடுத்த மாதம் நடைமுறைப் புத்தகத்தில் வாளி ஏறியது, ஒன்பதாம் பக்கம், படத்தோடு. கம்பம் விண்ணப்பத்தை யாரோ மூடிவிட்டார்கள். தேவை தீர்ந்துவிட்டதாம். கான்கிரீட்டின் வலு அதன் சூட்டில் இருக்கிறது என்று நூற்றுப்பத்து ஸ்லைடு போட்டவனுக்கு, ராப்பகலாக ஓடுகிற ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்த வாளி வெதுவெதுப்பாக இருக்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. எனக்கு ஏறியது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சாம்பல், மறுபடி போன்.

பத்து நாள் ஏழானது, ஏழு ஐந்தானது. பதிமூன்று ஸ்பான்களுக்கு இப்படி நாளுக்கு முன்பே முட்டு எடுத்தார்கள். எல்லாம் நல்ல வெயில் காலத்தில் ஊற்றியவை, பாலமும் சூடாகத்தான் இருந்தது, அதனால் வாளிக்கும் பாலத்துக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. தப்பித்தோம் என்பதுதான் சரியான வார்த்தை. திரையில் அதற்கு வேகம் என்று பெயர் போட்டிருந்தார்கள். நாட்டிலேயே முதல் முழு டிஜிட்டல் பாலம் என்று விருதுக்குப் பெயர் போனது. என்னுடைய க்யூப் மெஷினைத் துணி போட்டு மூடி, மேலே 'அன்று' என்று ஒரு அட்டை ஒட்டினார்கள்.

பதினாலாவது ஸ்பான் ஊற்றிய அன்று மழை பிடித்தது. விடாமல் ஐந்து நாள், எலும்புக்குள் இறங்குகிற குளிர். அந்த ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு விருதுக் குழு வருவதாக இருந்தது. வந்து பாலத்தைப் பார்க்கப்போவதில்லை, திரையைப் பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் பச்சை சார் பட்டனைத் தட்டுவார், கட்டம் பச்சையாகும், அதே நொடியில் பாலத்தருகே ஒரு பச்சை விளக்கு எரியும், என் வீட்டுக்காரரின் ஆட்கள் கீழே போய் முட்டுகளைக் கழற்றுவார்கள், அதைக் கேமரா காட்டும். சிவப்பு வந்தால் சைரன் ஊதும், கீழே இருப்பவர்கள் வெளியே ஓடிவர வேண்டும். இந்த விளக்கை நடக் கம்பம் வந்தது. அறுநூறு மீட்டர் கேபிள் வந்தது. ஒரே நாளில். படிவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று காலை சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்ட வீட்டுக்காரர், "நேத்து ஓரம் கொஞ்சம் பலகையோடயே வந்துருச்சு" என்றார்.

"எந்த ஓரம்?"

"பதினாலோடது. பக்கப் பலகை கழட்டுனோம்ல. ஒரு கை நீளத்துக்கு உதிர்ந்துச்சு. உள்ள ஈரமா, கருப்பா இருந்துச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எதுக்கு? பூசிக்கலாம். திரையில முப்பத்தெட்டுன்னு காட்டுதாமே."

"நீங்க திரையப் பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன். அதான் நீ பாத்துருப்பல்ல" என்றார் தட்டைக் கழுவியபடி. "நீ பாக்காம பச்சை போட்டுருவாங்களா?"

நான் பார்த்தது வாளியை மட்டும்தான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். முதலில் உறுதி செய்துகொள்வோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வெட்கம். அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு சைட் வேனில் ஏறிப் போனார்.

சைட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றை ஆரம்பிக்கத்தான் ஆர்டர் வரும், நிறுத்த யாருக்கும் நினைவிருக்காது. க்யூப் எடுப்பதை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. அதனால் ஆட்கள் தங்கள் பாட்டுக்கு ஸ்பானுக்கு மூன்று க்யூப் போட்டு, யாரும் கேட்காததால் தளத்தின் ஓரத்திலேயே விட்டுவிடுவார்கள். பதினாலின் மூன்று க்யூப்பும் ஐந்து நாள் அதே மழையில், அதே குளிரில் கிடந்தன. மிக்ஸர் லாரி டிரைவரிடம் போனில் சொல்லி அவற்றை லேபுக்கு வரவழைத்தேன். வந்து சேரும்போது பத்து மணி. 'அன்று' அட்டையைக் கிழித்துப் போட்டு, துணியை இழுத்துவிட்டு, மெஷினில் ஒன்றை வைத்தேன். பதினாலில் உடைந்தது. அடுத்தது பதினைந்து. மூன்றாவது பதின்மூன்று.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. கேமராவில் யாரும் போனும் கையுமாகத் தெரியக்கூடாது என்று காலையிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டார்களாம். கான்ஃபரன்ஸ் ரூமுக்கு ஓடினேன். பத்து நாற்பத்தைந்து. விருந்தாளிகள் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை சாரும் ஸ்லைடும் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார், பதினாலுல முட்டு எடுக்கக்கூடாது. க்யூப் உடைச்சுப் பாத்தேன். பதினாலு பதினஞ்சுதான் வருது."

"எந்த மெஷின்ல?" என்றார் பச்சை சார்.

"நம்ம லேப் மெஷின்லதான்."

"அதுக்குக் கேலிபரேஷன் கெடு முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சும்மா. அது சொல்ற நம்பருக்கு ஒரு மதிப்பும் கிடையாது."

"சரி சார், மெஷின விடுங்க. அந்தத் திரையில முப்பத்தெட்டுன்னு காட்டுதே, அது பாலம் இல்ல. ஷெட்டுல இருக்கிற வாளி."

அவர் ஸ்லைடைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க இவங்க?"

"அதே லாரி கான்கிரீட்தான் சார்" என்றான் ஸ்லைடு. "நடைமுறையில இருக்கு. ஒன்பதாம் பக்கம்."

"ஒன்பதாம் பக்கத்துல இருக்குல்ல? அப்புறம் என்ன?"

"ஷெட்டுல கதகதன்னு இருக்கு சார். பாலத்துல அஞ்சு நாளா மழை. குளிர்ல கான்கிரீட் இறுகாது, அது உங்களுக்கே தெரியும்."

அது அவருக்குத் தெரியும். இஞ்சினியர்தானே, என்றைக்கோ படித்திருப்பார். ஒரு நொடி அவர் முகம் நிஜமாகவே மாறியது. அந்த நொடிக்காக அவரை நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன். பக்கத்து அறையில் கப்பைச் சாஸரில் வைக்கும் சத்தம் கேட்டது. முகம் பழையபடி ஆகிவிட்டது.

"ஒரு மெயில் போடுங்க. நாளைக்கு உக்காந்து பேசலாம்" என்றார்.

"கீழ ஒன்பது பேர் போவாங்க சார். அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர்."

"அதான். நீங்க எமோஷனலா இருக்கீங்க" என்றார், கதவைப் பார்த்தபடி. விருந்தாளிகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

மணி பத்து ஐம்பத்திரண்டு. ஸ்கூட்டரில் பாலத்துக்குப் போகலாம், ஆனால் அந்தச் சேற்றில் இருபது நிமிஷம் பிடிக்கும். ஷெட் முப்பது அடி. மனுஷி சொல்லிக் கேட்காதவர்கள் திரை சொன்னால் கேட்பார்கள். சாம்பல் நிறம் பார்க்க நன்றாக இல்லை என்று ஸ்லைடு அதைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டிருந்தான். இப்போது இரண்டு நிமிஷம் தகவல் வராவிட்டால் நேராகச் சிவப்பு. அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதையும் அழகுக்காகத்தான் செய்தான்.

ஷெட்டில் கிடந்த சம்மட்டியை எடுத்து வாளிமேல் ஓங்கிப் போட்டேன். பிளாஸ்டிக் தெறித்தது. கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. மறுபடி போட்டேன், கைதான் அதிர்ந்தது. அது உண்மையாகவே முப்பத்தெட்டு. அந்த சைட்டில் பொய் சொல்லாத ஒரே பொருள் அதுதான் என்பதை நினைத்து, அந்த அவசரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. நான் செய்த வாளி என் பேச்சையே கேட்கவில்லை.

பக்கத்தில் ஜெனரேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் பேரல் இருந்தது. சிக்னல் தண்ணீரைத் தாண்டி வராது, ஸ்லைடே ஏதோ ஒரு ஸ்லைடில் சொன்னதுதான். இருபத்தைந்து கிலோவை மார்போடு அணைத்துத் தூக்கி, பேரலுக்குள் போட்டேன். தண்ணீர் மேலெல்லாம் அடித்தது. நனைந்துபோய் நின்று எண்ணினேன். எழுபது எண்ணும்போது சுவருக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள் கைதட்டினார்கள். பதினோரு மணி, பச்சை. அவர்கள் கீழே போகிறார்கள். எண்ணிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டேன், என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் எண்ணியதில்லை. நூற்றிருபத்தைந்தில் ஆற்றுப் பக்கமிருந்து சைரன் கேட்டது.

கான்ஃபரன்ஸ் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரையில் பதினாலாம் கட்டம் சிவப்பாக மின்னியது. பக்கத்தில் கேமராப் படத்தில் ஒன்பது பேர் ஸ்பானுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்கள். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு ஹெல்மெட்டாக எண்ணினேன். கடைசியாக வந்தது என் வீட்டுக்காரர். மற்றவர்களை அனுப்பிவிட்டுத்தான் அவர் எப்போதும் வருவார்.

பச்சை சார் ஒரு விநாடிகூடத் திகைக்கவில்லை, அதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு விருது கொடுக்கலாம். "பாருங்க" என்றார் விருந்தாளிகளிடம். "குளிர் அதிகமா இருந்ததால சிஸ்டம் தானாவே ஆபத்தக் கண்டுபிடிச்சு வேலைய நிறுத்திடுச்சு. ஒரு மனுஷக் கைகூடப் படல." அவர்கள் முன்பைவிட அதிகமாகக் கைதட்டினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தேன்.

விருது கிடைத்தது. வாளி பேரலில் கிடந்ததை ஸ்லைடு அன்று மாலையே கண்டுபிடித்தான், யார் போட்டது என்று அவன் கேட்கவில்லை, கேட்டால் பதிலை எங்கேயாவது எழுத வேண்டியிருக்கும். அடுத்த வாரம் தலைமை ஆபீசிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனி ஸ்பானுக்கு இரண்டு வாளி, நீல நிறம், மூடியோடு. வாளியைப் பாலத்தில் வைக்க வேண்டும் என்று மட்டும் அதில் இல்லை. அதை நான் எழுத்தில் கேட்டு அனுப்பினேன். இதர என்ற வகையில் அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அன்று மதியமே வேலைக்கு வந்த டிராக்டரில் தொற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். பதினாலின் கீழே முட்டுகள் அப்படியே நின்றன. இரண்டு முட்டுகளின் திருகை மட்டும் தளர்த்தியிருந்தார்கள், அதையும் மறுபடி இறுக்கிவிட்டிருந்தார்கள். ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். வீட்டுக்காரர் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்படி நனஞ்சிருக்க?" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, ஷெட், முதல் ஸ்பானிலிருந்து. அது என் யோசனை என்பதையும் சொன்னேன். பாதியில் சுரண்டுவதை நிறுத்தினார்.

"அப்ப பதிமூணு தடவை" என்றார்.

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் பசங்க கேப்பாங்க, போலாமாண்ணேன்னு. என் பொண்டாட்டி பாத்துட்டா, வாங்கடான்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குச் சரிபார்க்கிற குரலில் சொன்னார். எழுந்து, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, ஆட்கள் இருந்த பக்கம் போனார்.

வீட்டில் வழக்கம்போலத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், தட்டைக் கழுவுகிறார், மழை விட்டதா என்று கேட்கிறார். பதினாலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதை ஊற்றிய பன்னிரண்டாம் நாள் காலை லேப் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கதவைத் தட்டியதில்லை, நேராக உள்ளே வந்து என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிப்பார். அன்று தட்டிவிட்டு வெளியிலேயே நின்றார். கையில் ஒரு க்யூப். முந்தைய நாள் மழையின் ஈரத்தோடு, பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தானே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஊற்றிய அன்று ஆட்கள் போட்ட மூன்றைத் தவிர நாலாவதாக ஒன்று அவர் பங்குக்குப் போட்டு வைத்திருந்தாராம்.

"மேடம்" என்றார், சைட்டில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி. "இத வைங்க."

வைத்தேன். மெஷினை ஓட்டினேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டி, முள் ஏறுவதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பத்தாறில் உடைந்தது.

"முப்பத்தாறு" என்றேன்.

"பாத்தேன்" என்றார்.